கிடாய் கேட்காத சாமியும் உன் நேர்த்திக்கடனும்

கனகு, என் ராசா,

முதலில் உன் கிடாயைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நீயும் அதைத்தான் முதலில் கேட்பாய். அது உயிரோடு இருக்கிறது. இன்று காலையிலும் வேலியைப் பிரித்துக்கொண்டு வந்து என் கத்தரிக் கன்றுகளில் பாதியை மேய்ந்துவிட்டு, ஒன்றும் அறியாத பிள்ளை போலக் கிணற்றடியில் நின்று அசை போட்டது. சாமிக்கு நேர்ந்துவிட்ட கிடாய் என்பதால் ஒருவரும் அதற்குக் கல்லெறிவதில்லை. அது அதற்கும் தெரியும். கொழுப்பு ஏறிவிட்டது, உடம்பிலும் மனத்திலும்.

உன் ஆண்டுத்திவசம் மாசியில் முடிந்தது. பங்குனிப் பொங்கலும் முடிந்து இப்போது சித்திரை வெயில் கொளுத்துகிறது. எல்லாம் நல்லபடி முடிந்துவிட்டது என்று ஊரார் சொல்கிறார்கள். எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. அடுப்படிக்கு, குசினிக்குள் போகிறேன், எதற்குப் போனேன் என்று மறந்து திரும்புகிறேன். வாய்க்காலைத் திருப்பிவிடப் போய், கரையில் நின்றுவிட்டு, திருப்பாமலே வருகிறேன். யாரிடமாவது கதைக்கலாம் என்றால், இதைக் கதைக்கக்கூடிய ஒரே ஆள் நீ.

செத்தவனுக்குக் கடிதம் எழுதுகிறாளாம் என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். முப்பத்தோராம் நாள் உன் அந்தியேட்டியன்று, செத்தவர் புகழ் சொல்லி அச்சடித்துக் கொடுக்கும் கல்வெட்டுப் புத்தகத்தில் உன்மேல் பாட்டே பாடியிருந்தார்களே, அது மட்டும் என்னவாம்? அந்தப் பாட்டில் நீ பொறுமையின் இருப்பிடம், சாந்தசொரூபி. வாசித்துக்கொண்டு போன எனக்கு இது யாருடைய கல்வெட்டு என்று சந்தேகம் வந்து, அட்டையைத் திருப்பி உன் படத்தைப் பார்த்தேன். உழவுமாடு சொல்வழி கேட்கவில்லை என்று அதோடு கோபித்துக்கொண்டு சோறு தின்னாமல் இருந்தவன் நீ. நான் எழுதுவது அந்தக் கனகுவுக்கு.

இதை மற்றவர்களும் வாசிக்கத்தான் போகிறார்கள். அதனால் உனக்குத் தெரிந்ததையும் சேர்த்துச் சொல்லவேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள். கல்வெட்டில் போட்ட அந்தப் பொறுமையைக் கொஞ்சம் காட்டு.

தென்மராட்சியில் நமக்கென்று ஒரு பரப்புக் காணியும் இருக்கவில்லை. நெடுங்கேணிக்கு அப்பால் புதிதாகக் கட்டிய குளத்தின் கீழே குடியேற்றக் காணி கிடைத்தபோது, நீ பேப்பரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆடினாய். வந்து பார்த்தால் அது காணி இல்லை, காடு. கலியாணம் வேண்டாம் என்று இருந்துவிட்ட நான் உனக்குச் சமைத்துப் போட வந்தேன். நீ வெட்டினாய். வெட்டியதெல்லாம் காய்ந்த பிறகு ஆடி மாதத்தில் நெருப்பு வைத்தாய்.

அந்த நெருப்பில்தான் எல்லாம் தொடங்கியது. பெரிய பாலை மரக்கட்டை ஒன்று எரிந்துகொண்டிருந்தது. அதன் பொந்துக்குள்ளிருந்து ஒரு நாகம் தலையைத் தூக்கியது. வெளியே வர அதற்கு வழியில்லை. நான் அடி அடி என்று கத்தினேன். நீ கொக்கைத்தடியை எடுத்துக்கொண்டு நெருப்பை மிதித்து ஓடி, கட்டையைப் புரட்டிவிட்டாய். பாம்பு சாம்பலுக்குள்ளால் ஓடிப்போனது. உன் கால் இரண்டும் வெந்திருந்தன. நான் ஏசினேன்.

"சீவன் ஒண்டு வேகிறதைப் பாத்துக்கொண்டு நிக்கச் சொல்லுறியளே அக்கா?" என்று நீ என்மேல் பாய்ந்தாய்.

பாம்பு போய் ஒளிந்த புற்றடியில், எரிந்த பற்றைக்குப் பின்னால் அந்தக் கல் நின்றது. என் நெஞ்சளவு உயரம். நிமிர்ந்து நிற்கும் ஒரு ஆள். தலைக்கு மேலே ஏழுதலைப் பாம்பு படம் விரித்துக் குடை பிடித்திருந்தது. கைகள் இரண்டும் நேராகக் கீழே தொங்கின. உடம்பில் ஒட்டுத்துணி இல்லை. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நீ சிரித்துவிட்டு உன் தோளில் கிடந்த சால்வையை எடுத்து அதன் இடுப்பில் சுற்றினாய். அன்றைக்குச் சுற்றியது, இன்றுவரை அவிழவில்லை. இப்போது சிவப்புப் பட்டு.

பாம்பு காட்டித்தந்த கல், தலையிலும் பாம்பு. நாகதம்பிரான் அல்லாமல் வேறு யார்? நமக்குச் சந்தேகமே வரவில்லை. பாம்புப் படத்துக்கு மேலே மூன்று அடுக்காக ஏதோ செதுக்கியிருந்தது. "மூண்டு பானை அக்கா" என்றாய். அதனால் பங்குனிக்குப் பங்குனி மூன்று பானையில் பொங்கினோம். இரண்டு பக்கத்திலும் இரண்டு சின்ன ஆட்கள் தோளில் எதையோ கொத்தாகச் சாய்த்துக்கொண்டு நின்றார்கள். "பாத்தியளே, நெற்கதிர். இது வயல்காரன்ரை சாமி." காணி கிடைத்தவர்கள் எல்லோரும் வந்து பார்த்துக் கும்பிட்டார்கள். அவர்களில் ஆறுமுகத்தார் தானாகவே பூசாரியானார். ஒருவரும் அவரைக் கேட்கவில்லை, ஒருவரும் வேண்டாமென்றும் சொல்லவில்லை.

நடுவில் காணி அளக்க வந்த சேவையர் ஒருவர் இது புத்தர் சிலை மாதிரி இருக்கிறதே என்று சொல்லிவிட்டுப் போனார். ஊர் முழுக்கப் பயம் பிடித்தது. புத்தர் என்று எழுதினால் பௌத்தக் கோயில் நிலமென்று அரசாங்கம் காணியை எடுத்துவிடுமோ என்று நீ நித்திரை கொள்ளவில்லை. அடுத்த கிழமையே ஓலைக் கொட்டில் எழும்பியது, முன்னால் சூலம் நட்டாயிற்று. பாலும் முட்டையும் வைத்தார்கள். கொஞ்சம் கஷ்டமென்றால் சேவல் நேர்ந்தார்கள். பெரிய கஷ்டமென்றால் கிடாய்.

பெரிய கஷ்டம் உனக்கும் வந்தது. காணிக்கு வந்த பிறகு நீ கட்டிய பூமணி இரண்டு பிள்ளைகளைப் பிறக்கும்போதே பறிகொடுத்தவள். மூன்றாவது தரம் வலி எடுத்தபோது மார்கழி மழை. குளம் வான் பாய்ந்து றோட்டை மூடியிருந்தது. உழவு மெசின் பெட்டிக்குள் வைக்கோல் போட்டு அவளைக் கிடத்தினோம். ஏறப்போன நீ திடீரென்று இறங்கிக் கொட்டிலை நோக்கி ஓடினாய். நானும் பின்னால் வந்தேன். உன் குரல் மழைக்கு மேலால் கேட்டது.

"தாயும் பிள்ளையும் உயிரோடை திரும்பி வந்தால் ஒரு கிடாய். என்ரை கையாலை வெட்டுவன். கேக்குதே? என்ரை கையாலை."

சாமியிடமும் அதட்டித்தான் கேட்டாய். உனக்கு வேறு விதமாகக் கேட்கத் தெரியாது.

முல்லைத்தீவு ஆஸ்பத்திரியில் பிள்ளை பிறந்தது. பெண். நாகதம்பிரான் தந்தவள் என்று நாகேஸ்வரி என்று பேர் வைத்தாய். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்த அதே கிழமை, அங்கிருந்த மரைக்கார் ஒருவரிடம் கறுப்புக் குட்டி ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து கட்டினாய். பங்குனிப் பொங்கலுக்கு அது ஆகிவிடும் என்றாய். மாசியில் நெல் அரிவி வெட்டு. கதிர்க்கட்டைத் தூக்கித் தலையில் வைத்தாய். கட்டுக்குள் கிடந்த புடையன் பாம்பு உன் கழுத்தில் கொத்தியது. விஷகடி வைத்தியர் வரும்வரை நீ இருக்கவில்லை.

தம்பி, அதற்குப் பிறகு ஊர் கதைத்ததை நீ கேட்டிருந்தால் எழும்பி வந்து அடித்திருப்பாய். "நேர்த்தியை நாள் கடத்தினான். நாகதம்பிரான் விடுவாரே?" செத்த வீட்டு முற்றத்திலேயே இந்தக் கதை. நான் அழுகையை விட்டுவிட்டுச் சண்டைக்குப் போனேன். "கொத்தினது புடையன். நாகதம்பிரான்ரை ஆள் நாகம். காட்டுக்கை இருந்துகொண்டு புடையனுக்கும் நாகத்துக்கும் வித்தியாசம் தெரியாத சனமே நீங்கள்?" என்றேன். வாயை மூடினார்கள். ஆனால் பூமணியின் காதில் விழவேண்டியது விழுந்துவிட்டது.

சாவு விழுந்த வீடு ஆண்டு திரும்பும்வரை நேர்த்தி எதுவும் செய்யக்கூடாது. அந்த ஒரு வருஷமும் பூமணி பிள்ளையை மண்ணில் விடவில்லை. தவழ விடவில்லை. பாயை உதறாமல் கிடத்தவில்லை. கிடாய்க்கு மட்டும் குழை வெட்டிப் போட்டுக்கொண்டே இருந்தாள். அது வளர வளர அவளுக்கு நாள் கிட்டியது. "அவருக்கு வந்தது பிள்ளைக்கும் வரும் மச்சாள்" என்று என்னிடம் ஒருநாள் சொன்னாள். எனக்கும் அதே பயம்தான். உன்னைப் போலவே நானும் அந்தக் கல்லை நம்பியவள்தானே.

உன் சாம்பலில் ஒரு பிடியை மிச்சம் வைத்திருந்தேன். புரட்டாதியில் யாத்திரைக் கூட்டம் ஒன்றோடு தலைமன்னாரில் கப்பலேறித் தனுஷ்கோடிக்குப் போய், இராமேஸ்வரத்தில் கரைத்தேன். பிறகு கூட்டம் மதுரைக்குப் போனது. எல்லோரும் சேலை வாங்கப் போய்விட்டார்கள். எனக்கு அங்கேயும் இருப்புக்கொள்ளவில்லை. வண்டிக்காரன் ஒருவனிடம், இங்கே நாகதம்பிரான் கோயில் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். அவனுக்கு அந்தப் பேர் விளங்கவில்லை. பாம்பு குடை பிடித்த சாமி என்று கையால் காட்டினேன். "அது மலைல இருக்கும்மா" என்று மேற்கே கூட்டிக்கொண்டு போனான். உனக்காக மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், கனகு. நாள் கடத்தியது அவன் குற்றம் இல்லை, பொங்கல் பங்குனியில்தான் வருகிறது என்று சொல்லப் போனேன்.

மலையில் பாறையோடு பாறையாக நம்முடைய சாமி நின்றார். அதே ஏழுதலை. அதே தொங்கும் கை. அதே மூன்று அடுக்கு. சால்வை மட்டும் இல்லை. பக்கத்துக் குகையில் காது நீண்ட வேறொரு உருவம் இருந்தது. அதை அந்த ஊர்ச் சனம் செட்டியார் என்கிறதாம், காதைப் பார்த்து. சிரிப்பு வந்தது. நாம் மட்டும்தான் இப்படி என்று நினைத்திருந்தேன்.

அங்கே என் வயதில் ஒருத்தி தன் வீட்டாரோடு வந்திருந்தாள். வந்தவாசிப் பக்கமாம். தூக்குச்சட்டியோடு உட்காரப் போனவள், சேலைத் தலைப்பால் பாறையை மெல்ல வீசி எறும்புகளை அகற்றிவிட்டுத்தான் உட்கார்ந்தாள். நான் கும்பிட்டுக்கொண்டு அழுவதைப் பார்த்து, எந்த ஊர் என்று விசாரித்தாள். இது உங்கள் சாமியா என்று நான் கேட்டேன்.

"ஆமாம்மா. பார்சுவநாதரு. நாங்க சமணருங்க" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சமய பாடத்தில் சமணர் என்றால் கழுவேறினவர்கள் என்று மட்டும்தான் நாம் படித்தோம். அத்தோடு அவர்கள் கதை முடிந்தது என்றிருந்தேன். இவளோ என் முன்னால் தயிர்ச்சோறு சாப்பிடுகிறாள். பொழுது சாய்ந்தால் சாப்பிடமாட்டோம், விளக்கில் பூச்சி விழும் என்று அவசரமாகச் சாப்பிடுகிறாள். எனக்கும் ஒரு உருண்டை தந்தாள். வாங்கினேன்.

நான் ஒவ்வொன்றாகக் கேட்டேன், கேட்டிருக்கக்கூடாது. மூன்று பானை பானை இல்லையாம். குடை, ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று. மூன்று உலகத்துக்கும் அவர் பெரியவர் என்பதற்கு அடையாளம். நெற்கதிரும் கதிர் இல்லை, சாமரம். பக்கத்தில் நிற்பவர்கள் வீசிக்கொண்டிருக்கிறார்கள். நம்முடைய வயல்காரச் சாமி அரைவாசி அங்கேயே கரைந்துபோனார்.

"ஏன் துணியில்லாமல்?" என்று கேட்டேன், வெட்கத்தோடுதான்.

"எதுவுமே தன்னுதில்லைன்னு விட்டவரு. துணிய மட்டும் வெச்சுக்குவாரா? கையைப் பாருங்க, தொடையில கூடப் படாது. இந்த உடம்பும் என்னுதில்லைன்னு நிக்கிறாரு."

அந்தப் பாறைச் செதுக்கலில் ஒரு பக்கத்தில், பெரிய கல்லைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு ஒருவன் பாய்ந்து வந்தான். கீழே அவனே காலில் விழுந்து கிடந்தான். அவன் கமடனாம். பிறவி பிறவியாகப் பகை. மழையாகப் பெய்து, இடியாக இடித்துப் பார்த்தானாம். இவர் அசையவில்லை. அப்போதுதான் தரணேந்திரன் என்ற நாகராசா வந்து படம் விரித்துக் காத்தானாம். ஏன் பாம்பு வந்து காக்கவேண்டும் என்று கேட்டேன். அவள் சொன்னதைக் கேள்.

"துறவியாகறதுக்கு முந்தி, ஒருத்தன் பெரிய கட்டையைப் போட்டு நெருப்பு வளத்திட்டிருந்தான். உள்ள பாம்பு இருக்குதுன்னு சொல்லி, இவருதான் கட்டையைப் பிளக்க வெச்சாரு. வெந்து கிடந்த பாம்புக்கு நல்ல வார்த்தை சொன்னாரு. அதுதான் அடுத்த பிறவியில நாகராசாவாப் பொறந்து குடை பிடிக்குது."

கனகு, வெந்த காலோடு நீ என்மேல் பாய்ந்ததுதான் நினைவுக்கு வந்தது. எழுத்துத் தெரிந்தவர்கள் எவ்வளவோ பேர் எவ்வளவோ காலம் சொல்லிவந்த கதையை, ஒன்றும் தெரியாமல் நீ நம்முடைய காணியில் செய்துவிட்டுப் போயிருக்கிறாய். அந்தப் பாறையடியில் இருந்து நான் வாய்விட்டு அழுதேன். அவள் தன் பாட்டில் என் முதுகைத் தடவினாள்.

பிறகு கிடாயைப் பற்றிச் சொன்னேன். முட்டையையும் சேவலையும் பற்றிச் சொன்னேன். அவள் கை நின்றுவிட்டது. கோபிக்கப்போகிறாள் என்று நினைத்தேன்.

"தெரியாமச் செஞ்சது" என்றாள். "அவரு கிடா கேக்கவே மாட்டாரும்மா. எதுவும் குடுக்கவும் மாட்டாரு, பறிக்கவும் மாட்டாரு. கோபத்தை ஜெயிச்சவருதான் ஜினரு. உங்க தம்பிய அவரு தண்டிக்கல. அதை மட்டும் நம்புங்க."

ஆறுதலாகத்தான் சொன்னாள். எனக்கு ஆறவில்லை. கப்பலில் திரும்பி வரும்போது தண்ணீரைப் பார்த்துக்கொண்டு இதையே யோசித்தேன். பறிக்கமாட்டார் என்றால் நல்லது, உன்னை அவர் எடுக்கவில்லை. கொடுக்கவும் மாட்டார் என்றால் நாகேஸ்வரியை யார் தந்தது? அந்த மழைக்குள் நின்று, கேக்குதே, கேக்குதே என்று நீ கத்தியது யாருக்குக் கேட்டது? ஒருவருக்கும் கேட்காமலா பிள்ளை பிழைத்தது? அந்தக் கல்லை இந்தக் காட்டுக்குள் கொண்டுவந்து நட்டவர்கள் யார், அவர்களுக்கு என்ன நடந்தது? இன்றைக்கும் தெரியாது. உனக்குத் தெரிந்திருந்தால் ஒரு கனவிலாவது வந்து சொல்லு.

வீட்டுக்கு வந்து பூமணியை இருத்தி எல்லாவற்றையும் சொன்னேன். கட்டைக்குள் வெந்த பாம்பின் கதையை இரண்டு தரம் சொன்னேன். "அந்தக் கல்லுக்குக் குடுக்க வேண்டியதைத் தம்பி முதல் நாளே குடுத்திட்டான். ஒரு சீவனைக் காப்பாத்தினான். இனி அதுக்கு முன்னாலை இன்னொரு சீவனை வெட்டுறது சரியே?" என்றேன். எனக்கு அது நல்ல நியாயமாகத்தான் பட்டது.

அவள் பிள்ளையை மடியில் இறுக்கிக்கொண்டு கேட்டாள். "நீங்கள் ஊரெல்லாம் பாத்திட்டு வந்து கதை சொல்லுறியள் மச்சாள். நல்ல கதை. அது பிழையாப் போனால் ஆரின்ரை பிள்ளை போகும்?"

இதற்குப் பதில் உன்னிடம் இருக்கிறதா?

ஆறுமுகத்தாரிடம் போனேன். அவர் அரைவாசி கேட்டதுமே எழும்பிவிட்டார். "பிள்ளை, அந்தச் சமணப் பேரை இஞ்சை எடுக்காதை. புத்தரெண்டு ஒருத்தன் சொன்னதுக்கே காணி போகப் பாத்தது. இனி இதுவும் வேணுமே? இத்தினை வருசம் மழை பெய்ததும் நெல்லு விளைஞ்சதும் ஆராலை?" அவரையும் குறை சொல்லமுடியவில்லை. அவருக்குக் காணி போய்விடும் என்ற பயம், பூமணிக்குப் பிள்ளை போய்விடும் என்ற பயம். அந்தக் கல்லைச் சுற்றி எல்லோரும் நடுங்கிக்கொண்டு நிற்கிறோம். அதுதான் தன்பாட்டில் நிற்கிறது.

பொங்கல் வந்தது. மூன்று பானையும் பொங்கியது. கிடாய்க்கு மாலை போட்டு மஞ்சள்தண்ணீர் தெளித்தார்கள். அது மாலையைத் தின்னத் தொடங்கியது. நீ இல்லாததால் வெட்ட வேறொருவரைப் பிடித்து வைத்திருந்தார்கள். பூமணி பிள்ளையோடு முன்னால் நின்றாள், முகத்தில் இரத்தம் இல்லை. மஞ்சள்தண்ணீர் பட்ட கிடாய் உடம்பைச் சிலுப்பினால் சாமி சம்மதம். சிலுப்பவில்லை. இன்னும் தெளித்தார்கள். அது தின்றுகொண்டே இருந்தது. பூமணி அழத் தொடங்கினாள். சாமிக்குக் கோபம் தீரவில்லை என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். அது கேட்டதும் அவள் பிள்ளையோடு அப்படியே நிலத்தில் குந்திவிட்டாள்.

எனக்கு அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. கிடாய்க்காக இல்லை, தம்பி. உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரத்தில் கிடாயை நான் நினைக்கவேயில்லை. சமணரையும் நினைக்கவில்லை. உன் பெண்சாதி மண்ணில் கிடந்து நடுங்குவதைப் பார்க்க முடியவில்லை. நான் போய்ச் சாமிக்கு முன்னால் கிடந்த தட்டைக் கல்லில் கற்பூரத்தை வைத்துக் கொளுத்தினேன். எல்லோருக்கும் விளங்கிவிட்டது. எரிகிற கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்துச் சொல்லும் சத்தியத்துக்கு மேலே நம்மிடம் வேறு சத்தியம் இல்லையே.

"கனகசபையின்ரை நேர்த்தி இண்டையிலையிருந்து என்ரை. கிடாயை நான் வெட்டமாட்டன். வெட்டாத குற்றம் எனக்கு மட்டும். தாய்க்கு இல்லை, பிள்ளைக்கு இல்லை. கோபமெண்டால் என்னைக் கேள்."

சொல்லிவிட்டு அடித்தேன். உள்ளங்கை பொசுங்கியது. உடன்பிறந்தவள் நேர்த்தியை ஏற்றால் அதை ஒருவரும் மறுக்க முடியாது, ஆறுமுகத்தாரும் மறுக்கவில்லை. கிடாயை அவிழ்த்துவிட்டார். பூமணி எழும்பி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு விம்மினாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு அவள் முகம் தெளிந்ததை அப்போதுதான் பார்த்தேன்.

அன்று பின்னேரம் வழக்கம்போலப் பிள்ளையைத் தூக்கக் கையை நீட்டினேன். அவள் பிள்ளையை மற்றத் தோளுக்கு மாற்றினாள்.

"குறை நினையாதேங்கோ மச்சாள். சாமியின்ரை கோபத்தை நீங்கள் ஏற்றுக்கொண்டிட்டியள். இனிப் பிள்ளையைத் தொடாதேங்கோ" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் சொன்னாள்.

நான் யோசிக்காதது அது ஒன்றுதான், கனகு.

அந்தக் கல்லுக்குக் கோபம் கிடையாது என்று அவளுக்கு எடுத்துச் சொல்லலாம். முன்பு சொன்னதுதானே. ஆனால் இப்போது சொன்னால் என்னவாகும்? கோபமே இல்லை என்றால் நான் ஏற்றதும் ஒன்றுமில்லை என்றாகிவிடும். அவள் மறுபடியும் பாயை உதறத் தொடங்குவாள். சாமி கோபக்காரன் என்று அவள் நம்பும்வரைக்கும்தான் என் சத்தியத்துக்குப் பெறுமதி. இதில் யார் யாரை ஏமாற்றுகிறோம்? நான் அவளையா, அவள் என்னையா? யோசித்து யோசித்துத் தலை வலிக்கிறது. அதனால்தான் குசினிக்கும் வாய்க்காலுக்கும் அலைகிறேன்.

ஒன்று நடந்திருக்கிறது, அதைக் கேள். பூமணி இப்போது பிள்ளையை மண்ணில் விடுகிறாள். பொங்கலுக்கு அடுத்த நாளே விட்டுவிட்டாள். நாகேஸ்வரி நடக்கிறாள், தம்பி. நடை என்று சொல்லமுடியாது, ஓட்டம். முற்றம் முழுக்க அவள் கால்தான். மூக்கு உன்னுடையது. அழும்போது உன்னைப் போலவே விடைக்கிறது.

நேற்று பூமணி வயலுக்கு வாய்க்கால் திருப்பப் போயிருந்தாள். பிள்ளையைப் பார்க்க இருத்திய பக்கத்து வீட்டுக் கிழவி கண்ணயர்ந்துவிட்டாள். படலை திறந்து கிடந்தது. நாகேஸ்வரி வேலிக்கு இந்தப் பக்கம், என் வீட்டு வளவுக்குள் ஓடி வந்தாள், என் காலடியிலேயே விழுந்தாள். முழங்காலில் இரத்தம். நிலத்தில் இருந்தபடியே இரண்டு கையையும் எனக்கு நீட்டினாள். "மாமி" என்றாள். அதை யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று தெரியாது.

நான் தூக்கவில்லை. பூமணி பூமணி என்று கத்தினேன். கைகள் இரண்டையும் கீழே போட்டுக்கொண்டு, அசையாமல் நின்றுகொண்டு கத்தினேன். வயலிலிருந்து அவள் ஓடிவர எவ்வளவு நேரம். பிள்ளை அவ்வளவு நேரமும் என் முகத்தைப் பார்த்துத்தான் அழுதாள், ஏன் தூக்குகிறாயில்லை என்று கேட்பது போல. பூமணி வந்து தூக்கிக்கொண்டாள். என்னைப் பார்த்தாள். போய்விட்டாள்.

தென்மராட்சியிலிருந்து சொந்தக்காரர் ஆளனுப்பியிருக்கிறார்கள். தம்பியும் போய்விட்டான், இனி அங்கே உனக்கு என்ன இருக்கிறது, வந்துவிடு என்கிறார்கள். நான் போகமாட்டேன். உன் பிள்ளை விழுந்தால் தாயைக் கூப்பிட வேலிக்கு இந்தப் பக்கம் ஒரு குரல் வேண்டும். "தூக்குங்கோ மச்சாள்" என்று பூமணியே தன் வாயால் சொல்லும் நாள்வரைக்கும் என் கை அவளில் படாது. அந்த நாள் வராமலே போனாலும் படாது. கற்பூரம் அணைத்தது கல்லுக்கு முன்னால். இந்த வாக்கு உனக்கு.

உன் அக்கா,
உன் பிள்ளையைத் தூக்காத மாமி,
அன்னலட்சுமி